அருவிக்கு ஒரு சத்தம்

அருவிக்கடியில் நின்ற கூட்டம் கையைத் தூக்கி ஆட ஆட, இசக்கிமணிக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. இத்தனைக்கும் அவர்கள் ஆடியது அவன் போட்ட சத்தத்துக்குத்தான்.

தகரக் கொட்டகைக்குள், சாரல் படாமல் லேப்டாப்பைத் துண்டால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர்கள் அதிர்ந்தன. ஒரு மாசத் தூக்கத்தைக் கெடுத்துச் செய்த சத்தம் அது. கேட்டவன் நெஞ்சு ஒரு நிமிஷம் நின்று துடிக்க வேண்டும் என்று செய்தது. இங்கே என்னவென்றால், ஈரத் துண்டோடு குத்தாட்டம்.

“ஆடுதானுவ பாரு,” என்றான் தாணுமாலயன். இருவரும் தென்காசியில் ஒரே மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்கள். இசக்கிமணி கீபோர்டு, தாணுமாலயன் டிரம்ஸ். “உலகமே தலைல தூக்கி வச்சு ஆடுத சாஃப்ட்வேர்னு பீத்துனியே. கடைசில கல்யாண வீட்டு டான்ஸ் செட்டுதாம்லே வந்திருக்கு.”

“ஸ்பீக்கர் சரியில்லலே. அடியில ஓடுத கனமான சவுண்டு ஒண்ணுமே வெளிய வரல.”

“ஆமா, ஸ்பீக்கரு மேல பழியப் போடு. இருக்கதயெல்லாம் ஒரே சட்டியில ஊத்தி வச்சிருக்க. ஒரு கீய அமுக்குனா வயலின் அழுவுது, பேய் சிரிக்கு, ஹெலிகாப்டர் பறக்கு. எதக் கேட்டு ஒருத்தனுக்கு வயிறு கலங்கும்?”

“ஒனக்கு அதுல என்ன தெரியும்? ஒனக்குத் தெரிஞ்சதெல்லாம் ரெண்டு குச்சி.”

“குச்சி போதும்லே. சத்தம்னா ஒத்தையா இருக்கணும். பச்சையா இருக்கணும்.”

இசக்கிமணி தோளைத் தடவிக்கொண்டான். செங்கோட்டை மரக்கடையில் பலகை தூக்கித் தூக்கி அவன் தோள் காய்த்துப்போயிருந்தது. இது ஒரு தனியார் தோட்டத்து அருவி. இன்றைக்குச் சத்தம் தேறிவிட்டால் அதையே இங்கே வைத்துக்கொள்வதாக மேனேஜர் முத்துராஜ் சொல்லியிருந்தார். அப்புறம் குற்றாலத்தைச் சுற்றியுள்ள மற்றத் தோட்டக்காரர்களும் கூப்பிடுவார்கள். பலகையை ஒரேயடியாக இறக்கி வைத்துவிடலாம்.

முத்துராஜ் குடையோடு வெளியே நின்றார். ஆடுகிறவர்களை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. அருவியிலிருந்து மேலே ஏறிவரும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். படியில் ஒரு குரங்கு மட்டும், யாரிடமோ பிடுங்கிய மக்காச்சோளத்தைத் தின்றுகொண்டிருந்தது.

“மணி, நிப்பாட்டு,” என்றார். “தாணு, நீ ஒண்ணு கொண்டாந்திருக்கேன்னியே, அதப் போடு.”

“இந்தா அண்ணாச்சி.”

தாணுமாலயன் ஒரு தண்டவாளத் துண்டை மரக்கிளையில் தொங்கவிட்டு, மைக்கைப் பக்கத்தில் வைத்து, சுத்தியலால் ஓங்கி அடித்தான். ணங் என்ற சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது. இசக்கிமணிக்கே உடம்பு சிலிர்த்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் மனசில்லை. கீழே கூட்டம் ஒரு நொடி அசையாமல் நின்றது. தாணுமாலயன் தாடையைத் தூக்கிக்கொண்டு இவனைப் பார்த்தான்.

“ஸ்கூல் விட்டாச்சுடோய்,” என்று கீழேயிருந்து ஒருவன் கத்தினான். கூட்டம் ஓவென்று கூவிக்கொண்டு அருவிக்குள் இன்னும் நெருக்கியடித்துப் பாய்ந்தது.

“பச்ச சத்தம் நல்லாத்தாம்லே இருக்கு,” என்றான் இசக்கிமணி. “இன்னொரு தடவ அடி, சத்துணவு கேப்பானுவ.”

“சும்மா கெட.” தாணுமாலயன் சுத்தியலைத் தூக்கி எறிந்தான்.

“ரெண்டு பேருமாச் சேந்து என் உயிர வாங்குதியளா?” என்றார் முத்துராஜ். “சீசன் கூட்டம் நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போவுது. இன்னைக்கு ஒண்ண முடிவு பண்ணியாவணும். கடைசியா ஒரு தடவ. இல்லன்னா மதுரைலேருந்து வேற ஆளக் கூப்பிட்டுக்கிடுதேன்.”

தாணுமாலயன் லேப்டாப் பக்கம் வந்து குந்தினான். “ஏலே, நான் சொல்லுததக் கேளு. அந்த வயலின அணை. அந்தப் பேயத் தொலை. எக்கோவ எடு.”

“அதெல்லாம் எடுத்தா என்னலே இருக்கும்?”

“இருக்கதப் பாப்போம்.”

இசக்கிமணி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அணைத்தான். ஒரு மாச உழைப்பு ஒவ்வொரு பட்டனாகச் செத்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு மொட்டைச் சத்தம், ஓடுகிற ரம்பத்தில் ஆணி மாட்டிக்கொண்டதுபோல. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதாம்லே,” என்றான் தாணுமாலயன்.

இசக்கிமணி கீயை அமுக்கினான். சத்தம் ஏறி, ஏறி, கிழித்துக்கொண்டு போனது. குரங்கு சோளத்தைப் போட்டுவிட்டு மரத்துக்குத் தாவியது. இசக்கிமணிக்கு நம்பிக்கை வந்தது. அருவியில் ஒரு மூச்சுக்கு அமைதி. பிறகு ஒரு விசில். பிறகு ஊரே கூடிக் கத்தியதுபோல, “ஒன்ஸ் மோர்.”

முத்துராஜ் குடையை மடக்கினார். சாரலில் நனைந்தபடி, போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அப்போது படிக்கட்டில் ஒரு பெண் ஏறி வந்தாள். ஈரச் சேலையோடு, மூச்சு வாங்க, நேரே கொட்டகைக்குத்தான் வந்தாள். இவ்வளவு நேரத்தில் மேலே ஏறி வந்த முதல் ஆள். இசக்கிமணி எழுந்தே நின்றுவிட்டான்.

“தம்பி, நாங்க வாசுதேவநல்லூரு,” என்று பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போனை நீட்டினாள். “இது எந்தப் படத்துப் பாட்டு? எம்மவன் ரிங்டோனா வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கான்.”

இசக்கிமணி லேப்டாப்பை மூடினான்.

“பாட்டு இல்லக்கா. வெள்ளம் வருது, எல்லாரும் ஓடுங்கன்னு சொல்லுத சத்தம்.”