வாளிக்குள் இரண்டு கற்கள்

மீன்தொட்டிக்குப் போகவேண்டிய காய்ந்த பவளக்கற்கள் இரண்டு, பழைய அழுக்கு நீங்க ஐந்து வாரமாக, சின்னப் பம்பு ஒன்று ஓடும் உப்புத்தண்ணீர் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. அன்றைக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது.

“நாளைக்குத் தொட்டிக்குள்ள போயிடலாம்!” என்று துள்ளியது சின்னக்கல்.

பெரியகல்லுக்கு உறுத்தியது. அதன் கடைசிப் பொந்தில் செத்த நண்டு ஒன்று இன்னும் அடைத்துக் கிடந்தது.

“எனக்குள்ள இன்னும் மிச்சம் இருக்குடா.”

“யாருக்குத் தெரியப்போகுது? வாயை மூடிட்டு இரு.”

“தொட்டித் தண்ணியிலதான் மீன் மூச்சு விடணும்.”

பெரியகல் மூச்சைப் பிடித்துப் புரண்டு, பம்பு பீய்ச்சும் பக்கமாகப் பொந்தைத் திருப்பியது. அழுகிய நண்டு வெளியே வந்து வாளி நாறிப்போனது. தொட்டிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீரை மாற்றினார்.

“இன்னும் ஒரு மாசம் ஊறட்டும்.”

சின்னக்கல் நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தது. பிறகு மெல்லச் சொன்னது:

“கொஞ்சம் நகரு. எனக்கும் அந்தப் பம்புத் தண்ணி படணும்.”