தமிழ் பேசத் தெரிந்தால் போதும்

"மிஸ், தாய்லாந்து வேலைக்கு ஆள் எடுக்கிற ஆபிஸ் இதுதானே?"

வாசலில் நின்று கேட்ட பூவிழிக்கு மூச்சு வாங்கியது. பிரிஞ்சாங் மலையூரின் கடைத்தெருவில், ஒரு கைப்பேசிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அவளுக்குப் பின்னால் அப்பா செல்லையா ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தார், போய்ச் சேராமலே இருந்தால் தேவலை என்பதுபோல.

உள்ளே ஒரே ஒரு பெண் இருந்தாள். முப்பதுக்குள் இருக்கும். கட்டையாக வெட்டிய முடி, கறுப்பு சுவெட்டர். மேசையோரம் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஆமா, இதுதான்." சற்று யோசித்துவிட்டு, "ரெண்டு பேரும் உட்காருங்க," என்றாள்.

பூவிழி ஆசையோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஃபேஸ்புக்ல விளம்பரம் பார்த்தேன் மிஸ். ஹோட்டல் ரிசப்ஷன் வேலை. நான் இப்ப கியா பார்ம்ல ஸ்ட்ராபெரி கடையில இருக்கேன். வர்றவங்க போறவங்ககிட்டப் பேசிப் பழக்கம்தான்."

"அப்பாவுக்குச் சம்மதமா?"

"இல்லலா. தோட்டத்துல லோரி ஓட்டுறாரு. நானும் இங்கயே குளிர்ல நடுங்கிக்கிட்டுக் கிடக்கணுமாம். ஒரு வாரமா வீட்டுல சண்டை."

செல்லையா தலை குனிந்துகொண்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி முடித்துவிட்டார். வளர்ந்த மகளைக் கட்டியா போட முடியும்? அனுப்புகிற இடத்தையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான் கூட வந்திருந்தார்.

"விளம்பரத்துல என்ன போட்டிருக்கு? படிங்க," என்றாள் அந்தப் பெண்.

பூவிழி கைப்பேசியை எடுத்துப் படித்தாள். "'அனுபவம் தேவையில்லை. தங்குமிடம், சாப்பாடு இலவசம். இங்கே வாங்குவதைப்போல நான்கு மடங்கு சம்பளம். தமிழும் மலாயும் பேசத் தெரிந்தால் போதும்.'"

"தாய்லாந்து ஹோட்டல்ல தமிழ் எதுக்குன்னு யோசிச்சுப் பார்த்தீங்களா?"

"நம்ம ஆளுங்க டூர் வருவாங்கல்ல மிஸ்..."

"ஹோட்டலே கிடையாதும்மா."

பூவிழியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏர்போர்ட்டுக்கு வேன் வரும். ஹோட்டலுக்குப் போகாது. பார்டரைத் தாண்டி, ஆத்தைத் தாண்டி எங்கேயோ போகும். சுத்தி மதில், மேல முள்ளுக்கம்பி. இறங்கினதும் பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கிக்குவாங்க. அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் முன்னால உட்கார வைப்பாங்க. நம்ம ஊரு ஆளுங்களுக்கே போன் போட்டு, தமிழ்ல அன்பாப் பேசி, அவங்க சேமிப்பை உருவணும். அதுக்குத்தான் தமிழ். மாட்டேன்னு சொன்னா அடி."

"லைசென்ஸ் நம்பர்லாம் போட்டிருக்கே?"

"நம்பரை யாரும் போடலாம்லா. அரசாங்க ஆபிஸ்ல கேட்டுப் பாருங்க, அப்படி ஒரு நம்பரே இருக்காது."

பூவிழி விடவில்லை. "போனவங்க சந்தோஷமா இருக்கோம்னு வீடியோ போட்டிருக்காங்க மிஸ். நானே பார்த்தேன்."

"அந்த வீடியோ எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால ஒருத்தன் கம்போட நிப்பான்."

பூவிழி விளம்பரத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

செல்லையா முதல்முறையாக வாய் திறந்தார். "ஏம்மா, நீயே இப்படி உள்ளதைச் சொன்னா, உன் முதலாளி சும்மா விடுவாரா?"

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க அங்கிள். முதல்ல பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

பூவிழி எழுந்தாள். "அப்பா, வீட்டுக்குப் போலாம்பா."

செல்லையாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஒரு வாரமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். தெருவுக்கு வந்ததும் பூவிழி அவர் கையை இறுக்கிப் பிடித்து, "ரொம்பப் பயமாயிடுச்சுப்பா," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பசிக்குது. அவிச்ச சோளம் வாங்கித் தாங்களேன்," என்றாள்.

அவள் அவரிடம் ஆசையாக ஒன்றைக் கேட்டே எத்தனையோ நாளாகியிருந்தது. செல்லையா மூன்று சோளமாக வாங்கினார்.

"மூணு எதுக்குப்பா?"

"மேல இருக்கிற பொண்ணுக்கு. ஒரு நன்றிகூடச் சொல்லாம வந்துட்டோம். நம்மளால அதுக்கு வேலை போயிடுமோ என்னமோ. நீ இங்கயே நில்லு."

சூடான சோளத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு வேகமாகப் படியேறினார். கதவருகே வந்தவர் தயங்கி நின்றுவிட்டார். உள்ளே டை கட்டிய ஒருவன், கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணி தொங்க, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"நான் டீ வாங்கப் போன நேரத்துல உள்ள வந்து உட்கார்ந்திருக்கீங்க! யாரு நீங்க? வேலை கேட்டு வந்தீங்களா?"

அவள் எழுந்திருக்கவில்லை.

"போன வருஷம் இதே விளம்பரத்தைக் காட்டி நீங்க அனுப்பி வச்ச மெலிசா நான்தான், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்றாள். "தப்பிச்சு வந்துட்டேன் சார். கூட வந்த இன்ஸ்பெக்டர் கீழ கார் போட இடம் கிடைக்காம சுத்திக்கிட்டிருக்காரு, இப்ப வந்திடுவாரு."