கேமராவுக்கு வைத்த பொட்டு

இந்த வீட்டில் பக்திக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆயுத பூஜைச் சாம்பிராணிப் புகையில் காலை வெயில் சாய்ந்து நிற்கிறது. வெளியே செங்கம் ரோட்டில், வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. சாமி படத்துக்கு முன்னால் பொரி, அரிவாள்மணை, மிக்ஸி, நடுவில் கவிநிலாவின் சின்ன ஃபிலிம் கேமரா. மூடிய லென்ஸின் மேலேயே அப்பியிருக்கிறது சந்தனம், அதன்மேல் குங்குமம். குளித்துவிட்டு வந்தவள் தடுப்பதற்குள், படம் எடுக்கலாமென்று கணவன் வளவன் பொத்தானை அமுக்கிவிடுகிறான். லென்ஸ் மூடி ஈரச் சந்தனத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு திறக்கிறது. ஜூம் குழல் பாதி நீண்டு, நறநறவென்று அரைத்து, அப்படியே நின்றுவிடுகிறது. வாயால் ஊதினால்கூட ஈரம் படுமென்று ரப்பர் பம்பால் தூசி தட்டி, சும்மா இருக்கும் நாளில் பேட்டரியைக் கழற்றி வைத்துக் காப்பாற்றிய கேமரா அது. கவிநிலா அதைப் பிடுங்குகிறாள். “லென்ஸ் மேலயா வைப்பீங்க?”

“கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. இந்த டப்பாவுக்குப் போயி ஏன் இப்படிக் கத்துற?” என்கிறான் வளவன். அவள் பார்வை பொரித் தட்டின் பக்கத்தில் கிடக்கும் அவனுடைய போனுக்குப் போகிறது. அதற்கும் பொட்டு உண்டு. முதுகில், கீழ் ஓரமாக, கடுகளவு. “இதுக்கு மட்டும் ஏன் ஓரமா வச்சீங்க?” அவன் யோசிக்காமலே சொல்கிறான். “மேல வச்சா கேமராவுல பட்டுடும்ல?” கவிநிலா ஒரு கையில் அந்தப் போனை எடுத்துக்கொண்டு, மறு கையைச் சந்தனக் கிண்ணத்தில் முக்குகிறாள்.