நாற்பதாவது குழி

மல்லாவிக்குப் பக்கத்தில் கனகலிங்கத்தாரின் வளவில் முப்பத்தொன்பது தென்னைகள் நிற்கின்றன. ஒன்றுக்கும் அவர் குழி வெட்டவில்லை. சண்டைக்காலத்தில் ஒரு பின்னேரம், லொறியில் பூட்டிய பல்குழல் பீரங்கி வெட்டிக் கொடுத்த குழிகள் அவை.

அன்றைக்குப் பதுங்கியிருந்த பங்கருக்குள் இருந்து அவர் மனைவி சிவனேஸ்வரி எண்ணினாள். எறிகணைகள் வெளிக்கிட்ட சத்தம் நாற்பது. விழுந்த சத்தம் முப்பத்தொன்பது.

"மிச்சம் ஒண்டு இன்னும் வந்து சேரேல்லை" என்பதுதான் இன்றுவரை அவள் கதை. குழி விழாமல் கிடந்த கிணற்றடியில் ஒன்றும் கட்ட விடமாட்டாள். அந்த ஒன்றுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தென்னம்பிள்ளை முளைக்கவைப்பாள். எறிகணை வராவிட்டால் பிள்ளையை அயலுக்குக் கொடுத்துவிடுவாள்.

"இவ்வளவு வருசமாய் மேலை நிண்டு என்ன செய்யுதாம்?" என்று அவர் கேட்பார்.

"வழி தேடுது போல."

இருவரும் சிரிப்பார்கள்.

கடைசியில் இந்த ஆண்டு, கிணற்றடியில் உழவு இயந்திரத்துக்குக் கொட்டில் போட அவள் சம்மதித்தாள். வெள்ளிக்கிழமை காலை இருவருமாக மல்லாவிக்குத் தகரம் வாங்கப் போனார்கள்.

திரும்பி வந்தபோது கிணற்றடியில் குழி இருந்தது. அயலில் ஒருவருக்கும் சத்தம் கேட்டிருக்கவில்லை. கனகலிங்கத்தார் குந்தியிருந்து மண்ணை அள்ளிப் பார்த்தார். வடித்த சோறு போலச் சுட்டது.

எழும்பிப் போய் இந்த ஆண்டுத் தென்னம்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பொறுங்கோ, ஆறட்டும். வேர் அவிஞ்சு போம்" என்றுவிட்டுச் சிவனேஸ்வரி தேத்தண்ணி வைக்கப் போனாள்.