நடந்தால் நிற்கும் ரயில்

மதுரை சந்திப்பில் இப்போது யாரும் காத்திருப்பதில்லை. பயணி அடுத்த ரயிலை நோக்கி நடந்துகொண்டிருக்கும்வரை அது நிற்கும். அவர் கால் நின்றால் கிளம்பிவிடும்.

பூரணிக்கும் அவள் கணவன் இசக்கிக்கும் வெவ்வேறு ஊரில் வேலை. வாரம் ஒருமுறை இங்கே ரயில் மாறும்போதுதான் பார்த்துக்கொள்வார்கள். முன்பு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க நேரமிருந்தது. இப்போது கடைசி நடைமேடைக்குப் போகும் மேம்பாலம் மட்டுமே மிச்சம். போன வாரம் அதையும் சண்டை போட்டே தீர்த்துவிட்டார்கள்.

இன்று இசக்கி அடிமேல் அடி வைத்து நடந்தான்.

“என்ன, மாப்பிள்ளை ஊர்வலமா? ரயிலு போயிரப் போகுது.”

“நின்னாத்தான போவும்? நடந்துக்கிட்டுத்தான இருக்கேன். போன வாரம் பேசுனது தப்புன்னு சொல்லணும் பூரணி. வேகமா நடந்தா சொல்லி முடிக்கதுக்குள்ள பாலம் முடிஞ்சிரும்லா.”

உதவி வண்டி ஒன்று உருண்டு வந்து, “கால் வலியா? ஏறிக்கொள்ளுங்கள்” என்றது.

“வேண்டாம். டாக்டர் நடக்கத்தான் சொல்லிருக்காரு” என்றான் கூசாமல்.

வண்டி பூரணியின் பக்கம் திரும்பியது. அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு நடந்தபடியே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, “எனக்கும் அதே டாக்டர்தான்” என்றாள்.

கீழே அவன் ரயிலும் அவள் ரயிலும் கதவைத் திறந்து வைத்தபடி நின்றன.