எடை பழகிடும்

"குனிஞ்சு பூட்ஸ் கயித்தைக் கட்டு," என்றாள் அம்மாக்காரி.

மகள் குனிந்தாள். நான் அவள் மார்பில் மாட்டிவிட்டிருந்த உறையிலிருந்து ரிவால்வரின் பிடி நேராகப் போய்த் தாடையில் இடித்தது. தோட்டா இல்லாத வெறும் ரிவால்வர்தான். ஆனாலும் இரும்பு இரும்புதானே.

"இது வேணாம்," என்றாள் அம்மாக்காரி.

கடையிலேயே பெரியது அது. கையில் பிடித்துச் சுடுவதில் அதற்கு மேல் போக முடியாது. அவ்வளவு சுலபமாக விட்டுவிட எனக்கு மனசில்லை.

"கொஞ்சம் கனம்தான். எடை பழகிடும்ங்க," என்றேன்.

"பழகாது."

ஜூன் மாதச் சனிக்கிழமை. அலாஸ்காவில் சால்மன் மீன் ஆறேறத் தொடங்கிவிட்டால் தூண்டிலும் துப்பாக்கியும் சுண்டல் மாதிரி விற்கும். அந்தக் கூட்டத்தில் இந்த இரண்டு பேரும் முக்கால் மணி நேரமாக என்னை நகரவிடவில்லை.

மகள் பெயர் ஜூனி. இருபத்திரண்டு வயது. திங்கட்கிழமை வேலையில் சேர்கிறாள். ஓடையோரமாக நடந்து மேலேறும் மீன்களை எண்ணும் வேலை. மூன்று மாதம் கூடாரத்தில் இருக்க வேண்டும், துணைக்கு இன்னொரு பெண் மட்டும். மீன் இருக்கிற ஓடையில் கரடி இருக்கும். அது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

பத்தொன்பது வருடமாக இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். எதனால் சுட்டால் கரடி விழும்? நானும் பெரியதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டில் என் கையால் ஒரு வரி எழுதி, ரஸ் என்று பெயரும் போட்டு வைப்பேன். வாங்கியவர்களுக்கு அது பிடிக்கும்.

இந்த அம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

இதை மாட்டிக்கொண்டு சட்டி கழுவ முடியுமா? மழைக்கோட்டை உறைக்கு அடியில் போட முடியுமா? முதுகுப்பையின் வார் இடிக்குமா? பல் தேய்க்கும்போது?

"ஒதுங்கப் போனா?" என்று அவள் கேட்டபோது பக்கத்தில் தோட்டா வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"அம்மா, மானத்தை வாங்காதே!" ஜூனிக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"அப்பவும் போட்டுக்கிட்டுத்தான் போகணும்."

அவள் மட்டும் சிரிக்கவில்லை. சரியான பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவதாக ஒரு பிஸ்டலை எடுத்தேன். ரிவால்வரில் பாதி எடைதான். அடி கொஞ்சம் குறைவு, தோட்டா அதிகம். உறையின் வாரை இரண்டு துளை இறுக்கினேன். ஜூனியின் கை தானாகப் போய் விழும் இடத்தில் பிடி நிற்கும்படி உறையைச் சாய்த்துக் கட்டினேன். நுனி தட்டையான கெட்டித் தோட்டாவாக எடுத்து வைத்தேன். கரடியின் எலும்புக்கு அதுதான் சரி.

ஜூனி குனிந்தாள், நிமிர்ந்தாள், பையை மாட்டிக் கழற்றினாள். இடது கையாலும் உருவிப் பார்த்தாள். எதுவும் இடிக்கவில்லை.

"கடையை ஒரு சுத்து சுத்திட்டு வா," என்று அம்மாக்காரி அவளை அனுப்பிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

இருபது நிமிடம் ஆயிற்று. அந்தக் கோடியில் ஜூனி ஒரு புழுக்கூடையை வைத்திருந்த கிழவரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மார்பில் ஒன்று தொங்குவதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"இதையே குடுத்துடுங்க," என்றாள் அம்மாக்காரி. முதல் தடவையாக அவள் குரல் இளகியது.

அப்புறம் தன் பையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"பழசு ஒண்ணு இருக்கு. எடுத்துக்குவீங்களா?"

திறந்தேன். முதலில் ஜூனியின் தாடையில் இடித்த அதே ரகம். பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் ஆறு தோட்டா. குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு பொட்டுக் கரி இல்லை. இப்படி ஒரு பொருளைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"பழசாங்க இது? ஒரு தோட்டாகூடச் சுடலையே! யாரோ கண்ணுல ஒத்திக்கிற மாதிரி வெச்சிருந்திருக்காங்க."

"என் வீட்டுக்காரர்," என்றாள். "ஏரிக்குப் போனப்போ கூடாரத்துலயே வெச்சிருந்தார். காலையில காப்பிக்குத் தண்ணி எடுக்கத்தான் போனார். நாப்பதடி தூரம்கூட இருக்காது. அதுக்குப் போய் இவ்வளவு கனத்தை எவன் மாட்டிக்குவான்னு விட்டுட்டுப் போனார். திரும்பி வரலை."

அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ரிவால்வரைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போனேன். அது படுத்திருந்த பள்ளத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

'எடை பழகிடும். ரஸ்.'

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜூனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியது யார் என்று வரும்போதே அவளுக்குத் தெரியும்.

படிவம் நிரப்புவதற்கு முன் உறையைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொல்வது கடை வழக்கம். ஜூனி திரும்பி வந்து பேனாவுக்குக் கை நீட்டினாள்.

கழற்றச் சொல்லாமலே பேனாவைக் கொடுத்தேன்.