நான்காவதாக இறங்கியது

பர்மாவின் மாவ்பியில் விமானப்படைத் தளத்தின் வேலியை ஒட்டி வைத்திலிங்கம் கீரை பயிரிட்டு வந்தார். அவருடைய ஒரே மகன் பழனிவேல் தளத்துக்குள் மெக்கானிக். 1995 மழைக்காலத்தில், தான் பழுது பார்த்த விமானத்தில் அவனும் ஏறிப் போனான். விமானம் ஆற்றில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை.

அதன்பிறகு தினமும் காலையில், விழுந்தது போக மீதி மூன்று விமானங்கள்தான் கிளம்பின. மதியம் நான்கு இறங்கின. வைத்திலிங்கம் பத்து நாள் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, தளத்தின் வாசலில் நின்ற காவலாளியிடம் எத்தனை விமானம் இறங்குகிறது என்று பர்மிய மொழியில் கேட்டார்.

“மூணுதான், ஊ வைத்தி,” என்றான் அவன், பெயருக்கு முன் பர்மிய மரியாதைச் சொல் சேர்த்து, ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல். “இதை வேற யார்கிட்டயும் கேட்காதீங்க.”

மனைவி சொர்ணம்மாளிடம் அவர் மூச்சு விடவில்லை.

மறுநாள் மதியம் நான்காவது விமானம் இறங்கிய கையோடு வீட்டுக்குப் போனார். சொர்ணம்மாள் மூன்று தட்டில் சோறு போட்டிருந்தாள்.

“இது யாருக்கு?”

“மெதுவாப் பேசுங்க. புள்ளை களைச்சு வந்திருக்கான். கொல்லையில கால் கழுவுறான்.”

கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. போய்ப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. இருவரும் தட்டின் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சோறு ஆறிப்போனது. பொழுது சாய்ந்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.